பெட்டிக்குள் நான் வைத்த கம்பி

என் மகளே,

நீ இன்னும் பிறக்கவில்லை. பிறப்பாயா என்பதும் எனக்குத் தெரியாது. எனக்குப் பதினேழு வயது. பிளஸ் டூ படிக்கிறேன். ஆனாலும் இதை உனக்குத்தான் எழுத வேண்டியிருக்கிறது. அம்மாவிடம் சொல்ல முடியாது. பள்ளியில் யாரிடமும் சொல்ல முடியாது. நீ இதைப் படிக்கும்போது வேலைக்குப் போகிறவளாக, ஒருவேளை கல்யாணமே ஆனவளாக, இப்போதைய என்னைவிடப் பெரியவளாக இருப்பாய். அந்தப் பெரியவளிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டால்தான் பேனா நகர்கிறது. சாரம் என்ற பகுதியில் எங்கள் வீடு ஒரே அறை. அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். செல்போன் வெளிச்சம் அவள்மேல் படாதபடி முழங்காலை மடக்கி மறைத்துக்கொண்டு, பிசிக்ஸ் நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். அடுப்படியில் கீரை உலர்த்தும் மின்சாரப் பெட்டியின் விசிறி ஓடிக்கொண்டிருக்கிறது. அது நின்றாலும் பயமாக இருக்கிறது, ஓடினாலும் பயமாக இருக்கிறது.

நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் சுற்றிச் சுற்றி வந்து சொல்லாமலே முடித்துவிடுவேன். உப்பளம் என்ற மீனவர் பகுதியில் அஞ்சலை அக்காவின் கருவாட்டுக் கொட்டகை எரிந்துபோனது. தண்ணீர் ஊற்றப் போனவளுக்கு வலது கை முழங்கை வரைக்கும் வெந்துவிட்டது. தீ அவளுடைய உலர்த்தும் பெட்டியிலிருந்து வந்தது. பெட்டியில் தீப்பிடித்ததற்குக் காரணம் நான். இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

உப்பளத்தில் பழைய துறைமுகத்துக்குப் போகும் வழியில் ஒரு கிடங்கு இருக்கிறது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கியவரை இங்கே சொல்தா என்பார்கள். அப்படி ஒரு சொல்தா குடும்பத்தின் கிடங்கு. தொழிற்பேட்டையில் எலக்ட்ரானிக்ஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்த நஸ்ரின் அக்கா, வேலையை விட்டுவிட்டு அதை வாடகைக்கு எடுத்துப் பட்டறையாக்கினாள். பலகை அறுக்கும் மெஷின், சால்டரிங் மேசைகள், திரீ-டி பிரிண்டர் எல்லாம் அங்கே உண்டு. யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளலாம். உடைந்த மிக்ஸியின் பல்சக்கரத்தைக் கொண்டுவந்து அதேபோல் இன்னொன்று அச்சடித்துப் போவார்கள். தையல்காரர்கள் வந்து பழைய மெஷினுக்கு மோட்டார் பொருத்துவார்கள். நான் ஒன்பதாவது படிக்கும்போது பள்ளியிலிருந்து சுற்றிக் காட்டக் கூட்டிப்போனார்கள். மற்றவர்கள் பிஸ்கட் தின்றுவிட்டு பஸ் ஏறினார்கள். நான் அடுத்த சனிக்கிழமையே திரும்பிப் போனேன்.

மழைக்காலம் வந்தால் உப்பளத்துப் பெண்களுக்குக் கருவாடு காயாது. புழு வைத்துக் கொட்ட வேண்டியதுதான். கம்பெனி உலர்த்தும் பெட்டியை அவர்கள் வாங்க முடியாது. எந்த நாட்டுக்காரரோ ஒருவர் அப்படிப்பட்ட பெட்டியின் வரைபடம், சர்க்யூட், புரோகிராம் எல்லாவற்றையும் இன்டர்நெட்டில் இலவசமாகப் போட்டிருந்தார். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், மாற்றியதை மறுபடி எல்லோருக்கும் தரலாம். ஓப்பன் சோர்ஸ் என்பது அதுதான். நஸ்ரின் அக்கா அதைக் காட்டி அஞ்சலை அக்காவிடம் பேசியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "கம்பெனிப் பொட்டி கெட்டா கம்பெனிக்காரன்தான் வரணும். இது கெட்டா நீயே கழட்டிப் பாப்ப. பலகை நம்ம மரக்கடையில, தகரம் நம்ம பாய் கடையில. காசு இந்தத் தெருவ தாண்டாது." அஞ்சலை அக்கா கையை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "எங்கூட்டுக்காரரையே இத்தினி வருஷமா என்னால கழட்டிப் பாக்க முடியல. பொட்டியவா கழட்டப் போறேன்?" எல்லோரும் சிரித்தோம். ஆனால் மூன்றே வாரத்தில் அவள் தன் கையாலேயே பெட்டியைச் செய்து முடித்தாள். ஸ்க்ரூ டிரைவரை மீன் அரியும் கத்தி மாதிரிதான் பிடிப்பாள்.

அதற்குப் பிறகு வேகமாகப் பரவியது. மீன்காரப் பெண்கள் செய்தார்கள். வற்றல் போடுகிறவர்கள் செய்தார்கள். என் அம்மா, உனக்கு ஆயா, முருங்கைக் கீரையையும் சுண்டைக்காயையும் காயவைத்துக் கடைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்து, இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிற வேலையை விட்டாள். அவள் முதல் முறையாகப் பகலில் வீட்டில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த நாள் எனக்கு மறக்காது. அந்தச் சந்தோஷத்தில்தான் நான் ஓர் இன்டர்நெட் பக்கத்தை எழுதினேன். பெட்டி செய்வது எப்படி என்று தமிழில், படத்தோடு, படிப்படியாக. அதுவரை இருந்தது ஆங்கிலத்தில். நஸ்ரின் அக்கா அதை எங்கள் பட்டறையின் பெயரில் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி இன்டர்நெட்டில் போட்டாள். "மூடி வெச்சா நம்ம பத்து பேருக்கு. தொறந்து வெச்சா கடலூருக்கும் போவும், நாகப்பட்டினத்துக்கும் போவும்" என்றாள். இப்போது கண்ணை மூடினால் அந்த வாக்கியம்தான் கேட்கிறது. அப்போது அதைக் கேட்டுக் கைதட்டியவள் நான்.

பெட்டிக்குள் ஹீட்டரை ஒட்டி தெர்மல் ஃபியூஸ் என்று ஒன்று வைக்க வேண்டும். புளியங்கொட்டை நீளத்தில் ஒரு சின்ன உலோகக் குப்பி. சூடு அளவோடு வந்ததும் ஹீட்டரை அணைக்க வேண்டியது ரிலே என்ற தானியங்கி ஸ்விட்ச். அந்த ரிலே ஒட்டிக்கொண்டு அணைக்காமல் விட்டுவிட்டால், சூடு ஏறிப்போய் இந்தக் குப்பி தானே அறுந்து மின்சாரத்தை நிறுத்தும். தினமும் அது எந்த வேலையும் செய்யாது. என்றோ ஒரு நாளைக்காக அங்கே இருக்கும். நான் படம் எடுக்கப் பெட்டி செய்த அன்று கடையில் அது தீர்ந்துபோயிருந்தது. சாரத்தில் மிக்ஸி, குக்கர் ரிப்பேர் செய்கிற எந்தக் கடையிலும் அப்படி ஒரு பொருள் இல்லையென்றால் 'டைரக்ட் குடுத்துடு' என்பார்கள். இரண்டு முனைகளையும் ஒரு கம்பியால் சேர்த்துவிடுவது. வாடிக்கையாளர் காத்திருக்கிறார், பொருள் ஓடினால் போதும். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள்தானே நானும். டைரக்ட் கொடுத்தேன். படம் எடுத்தேன். பெட்டி ஓடியது. என் தமிழ்ப் பக்கத்தில் எழுதினேன்: 'இந்தப் பொருள் கிடைக்காவிட்டால் கம்பியால் இணைத்துக்கொள்ளலாம்.' அஞ்சலை அக்காவின் பெட்டியில் ஒருமுறை குப்பி அறுந்தபோது, இதைப் பார்த்துத்தான் அவளும் கம்பி வைத்தாள்.

இதைவிட மோசமான ஒன்றும் செய்தேன். ஆங்கிலப் பக்கத்தில் அந்த இடத்தில் தடித்த எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருந்தது. தீ என்ற சொல் அதில் இருந்தது. நான் அதை மொழிபெயர்த்தேன், படித்துப் பார்த்தேன், பக்கமே பயமுறுத்துவது போல் இருந்தது. கரண்ட் என்றாலே கையை இழுத்துக்கொள்ளும் பெண்கள் இதைப் படித்தால் பெட்டியைத் தொடவே மாட்டார்கள் என்று நினைத்து எடுத்துவிட்டேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். உனக்கு நான் சொல்லக்கூடியது ஏதாவது இருந்தால் இதுதான்: பிறருக்குப் பயம் வரக்கூடாது என்று நீ எதையாவது மறைக்கும்போது, அந்தப் பயம் எதற்காக அங்கே வைக்கப்பட்டிருந்தது என்று ஒரு முறை கேட்டுப் பார்.

அஞ்சலை அக்காவின் கொட்டகை எரிந்த மறுநாள் நஸ்ரின் அக்காவோடு போய்ப் பார்த்தேன். கருகிய பலகையும் கருகிய மீனும் சேர்ந்து ஒரு வாசனை. அது இன்னும் என் பள்ளி யூனிஃபார்மில் இருப்பதாக நினைத்துக்கொண்டு திரும்பத் திரும்பத் துவைக்கிறேன். அம்மா, "என்னாடி புதுசா சுத்தக்காரி ஆயிட்ட?" என்று கேட்கிறாள். பெட்டியின் தகரம் மட்டும் வளைந்து நின்றது. நஸ்ரின் அக்கா வாசலில் அஞ்சலை அக்காவின் தங்கையோடு பேசிக்கொண்டிருந்தபோது நான் தகரத்தின் உள்ளே பார்த்தேன். குப்பி இருக்க வேண்டிய இடத்தில் கம்பி இருந்தது. மேல்தோல் எரிந்துபோய்ச் செம்பு மட்டும் மிச்சம். நான் அதைக் கையால் பிடுங்கிப் புத்தகப்பைக்குள் போட்டுக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று என்னைக் கேட்காதே. கை தானாகப் போனது. அன்றிலிருந்து பஸ்ஸில் யார் பையில் இடித்தாலும் எனக்கு உயிர் போகிறது.

என்ன செய்யலாம் என்று எனக்கு ஒரு வழி தோன்றியது. குப்பிகளை வாங்கினேன். முதலில், படம் எடுக்கச் செய்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த எங்கள் பெட்டியில், அம்மா கடைக்குப் போன நேரத்தில் கம்பியை எடுத்துவிட்டுக் குப்பியை வைத்தேன். பிறகு உப்பளத்தில் வீடு வீடாகப் போய், "அக்கா, பொட்டிக்கு சர்வீஸ் பண்ண வந்திருக்கேன்" என்றேன். டீ கொடுத்தார்கள். என்னை மெச்சினார்கள். ஒருத்தி தன் மருமகளைக் கூப்பிட்டு, "பாரு, படிக்கற பொண்ணு, ஊட்டுக்கே வந்து பாக்குது. நீயும் கீறியே" என்று இடித்துப் பேசினாள். நான் குனிந்துகொண்டு ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே இருந்தேன். பார்த்த பெட்டிகளில் பாதிக்குமேல் கம்பிதான் இருந்தது. குப்பி கடையில் கிடைக்கும்போதுகூட அவர்கள் வாங்கவில்லை. கம்பி போதும் என்று நான் போட்ட பக்கத்திலேயே எழுதியிருக்கிறதே. ஐந்தாவது வீட்டில் ஒரு அக்கா, "கடலூருக்கு அந்தாண்ட எங்க அண்ணி ஊர்லகூட இதான் செஞ்சிருக்காங்க. போன்ல உன் பக்கத்தப் பாத்து செஞ்சாங்களாம். அங்கயும் போயி சர்வீஸ் பண்ணுவியா?" என்று சிரித்தாள். அந்த ஊர்களின் பெயர்கள் எனக்குத் தெரியாது. யார் எடுத்தார்கள், யார் யாருக்கு அனுப்பினார்கள் என்பதும் தெரியாது. திறந்து வைத்தது திரும்பி வராது.

அதனால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை. எங்கோ ஒரு வீட்டில் யாரோ பெட்டிக்கு ஸ்விட்ச் போடுகிறார்கள். விசிறி சுற்றுகிறது. ஒரு நாள் ரிலே ஒட்டிக்கொள்கிறது. அந்த வீட்டுச் சுவர், அந்த வீட்டுக் கொடியில் தொங்கும் துணி எல்லாம் எனக்குத் தெரிகிறது. அந்த வீட்டில் இருப்பவர்களின் முகம் மட்டும் தெரியவில்லை. சொல்லிவிடலாம். சொன்னால் பட்டறையை மூடிவிடுவார்கள். அம்மா மறுபடி பாத்திரம் தேய்க்கப் போவாள். போலீஸ் வருமா என்றுகூடத் தெரியவில்லை. அம்மா புரண்டு படுக்கிறாள். நிறுத்துகிறேன்.

நான்கு நாள் எழுதவில்லை. இந்த நான்கு நாளில் நடந்ததை இப்போது சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அஞ்சலை அக்காவைப் பார்க்கப் போனேன். சொல்வதற்காக அல்ல. போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள். வலது கையில் கட்டு. இடது கையால் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வீட்டுக்காரர் வெளியே கட்டிலில் உட்கார்ந்தபடி என்னிடம் சொன்னார்: "ஈரச் சாக்க பொட்டி மேல போட்டா பத்தாம இன்னா செய்யும்? இவ சாதிச்ச வேல இது. ஊரே சொல்லுது." அக்கா பூண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எப்போதும் பதிலுக்குப் பதில் கொடுக்கிறவள். அவர் உள்ளே போனதும் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "நெசமாவே சாக்குதான் காரணமாடி? நான் போட்டதா எனக்கு ஞாபகமே இல்ல. ஆனா எல்லாரும் சொல்றாங்க. நான்தான் போட்டிருப்பேன்போல."

நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. நான் பேசாமல் இருந்தால் தப்பு என்னிடமே இருக்கும், என்னைத்தான் தின்னும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை மகளே. நான் எடுத்துக்கொள்ளாத தப்பு சும்மா கிடக்கவில்லை. அது பக்கத்தில் இருந்தவள் தலையில் போய் ஏறிக்கொண்டது. செய்யாததை அவள் செய்ததாகவே நம்ப ஆரம்பித்துவிட்டாள்.

பையிலிருந்து அந்தக் கம்பியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். "சாக்கு இல்லக்கா. நான்தான்" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். எந்த வரிசையில் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் பூண்டைக் கீழே போடவில்லை. உரித்த பல்லை விரலிடுக்கில் வைத்தபடியே கேட்டாள். முடித்ததும் கத்தினாள்: "யோவ்! இங்க வாய்யா!" அவர் வந்தார். "இந்தப் பொண்ணு சொல்றத கேளு. சொல்லுடி. இன்னொருவாட்டி சொல்லு." நான் மறுபடி சொன்னேன். "சத்தமா சொல்லுடி, அவருக்குக் காது கேக்காது." அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். தெருவில் போகிறவர்கள் நிற்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்ப சாக்கு?" என்றார். "சாக்கும் இல்ல, கோணியும் இல்ல. போய் வாசல்ல ஒக்காரு" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். "நீ போ. இன்னிக்கி உன் மூஞ்சப் பாக்க முடியல என்னால" என்றாள். கம்பியை அவளே வைத்துக்கொண்டாள்.

அங்கிருந்து நேராகப் பட்டறைக்குப் போனேன். நஸ்ரின் அக்கா கேட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். என்னைத் திட்டவில்லை. "நான் படிக்கவே இல்லடி. நீ எழுதினத ஒரு வரிகூட நான் படிக்கல. தமிழ்ல அழகா இருந்துச்சு, அப்படியே போட்டுட்டேன். பொம்பளைங்க செஞ்ச வயரிங்கயும் நான் தொறந்து பாக்கல. இதுல பாதி என்னுது" என்றாள். பாதி என்று அவள் சொன்னது எனக்கு ஆறுதலாக இல்லை. அவளும் தூங்கமாட்டாள் என்றுதான் தோன்றியது. உடனே பக்கத்தை அழித்துவிடலாம் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "அழிச்சா நம்ம மானம்தான் மிஞ்சும். எடுத்துட்டுப் போனவங்ககிட்ட இருக்கறது அப்படியேதான் இருக்கும். தப்பு எங்க இருந்துச்சோ அதே எடத்துல, மேல, பெருசா எழுதணும்." பட்டறையின் பெயரில் எழுதச் சொன்னாள். நான் என் பெயரைப் போட்டு எழுதினேன். கம்பி வைத்திருந்தால் இப்போதே பெட்டியை நிறுத்துங்கள், தீப்பிடிக்கும், ஒருவர் கை வெந்துவிட்டது, இதை எழுதியது நான், எழுதியது தவறு. முன்பு எடுத்துவிட்ட அந்தச் சொல்லை இந்த முறை மூன்று தடவை போட்டேன். பட்டறையின் போன் நம்பரையும் கீழே கொடுத்தோம்.

அம்மாவுக்கு மறுநாள் தெருவில் தெரிந்தது. என்னிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நம்ம பொட்டியில மொதல்லயே மாத்திட்டியா? என்கிட்ட சொல்லாம?" ஆமாம் என்றேன். "அப்ப அஞ்சலைக்குத் தெரியறதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் துணி போட்டு மூடினாள். இன்னும் திறக்கவில்லை. உப்பளத்துப் பெண்கள் தங்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்து பட்டறை வாசலில் அடுக்கிவிட்டார்கள். சிலர் சரிசெய்து வாங்கிப் போனார்கள். சிலர் திரும்பி வரவே இல்லை. கிடங்குக்காரர் வீட்டிலிருந்து ஆள் வந்து சுவரையெல்லாம் பார்த்துவிட்டுப் போனார். என்ன ஆகும் என்று தெரியவில்லை. அஞ்சலை அக்கா வரவில்லை. இனி வருவாளா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. பள்ளியில் என் பக்கத்தில் உட்காருகிறவள் இடம் மாறிவிட்டாள். சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நீ யாரிடமாவது கேள்விப்பட்டால் நம்பாதே. இறங்கவில்லை. யாருடைய பாரம் என்பது மட்டும் தெளிவாகிவிட்டது.

இன்று சாயங்காலம் பட்டறையில் போன் அடித்தது. நஸ்ரின் அக்கா எடுத்து, கேட்டு, என்னிடம் நீட்டினாள். "உன்னத்தான் கேக்கறாங்க."

ஒரு பெண் குரல். பின்னால் அலைச் சத்தமும் ஒரு குழந்தையின் சிணுங்கலும் கேட்டன. ஏதோ கடற்கரை ஊர். பெயரைச் சொன்னாள், நான் கேள்விப்பட்டதில்லை. "நீதான் அந்தப் பக்கத்த எழுதின பொண்ணா?"

"ஆமாங்க."

"எங்கூட்டு பொட்டிய எங்கண்ணன் செஞ்சு குடுத்தாரு. அவரு இப்ப வெளியூரு. உள்ள கம்பி இருக்கா இல்லியானு எனக்குத் தெரியல. தொறக்க பயமா இருக்கு. நான் தொறக்கற வரைக்கும் போன வெக்காத."

"மொதல்ல பிளக்க புடுங்கிடுங்க."

"புடுங்கிட்டேன்."

"பின்னாடி ஆறு ஸ்க்ரூ இருக்கும்."

ஒவ்வொன்றாக அவள் கழற்றுவதும், தட்டில் போடுவதும் கேட்டது. குழந்தையை யாரிடமோ கொடுத்தாள். மூடியைத் தூக்கும்போது தகரம் ஒரு முறை அதிர்ந்தது. "செவப்பா ஒரு கம்பி இருக்குதும்மா" என்றாள். "நடுவுல மோதரம் மாதிரி சுத்தி விட்டிருக்காங்க."

படத்தில் அழகாகத் தெரியட்டும் என்று அன்றைக்கு அதை என் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தது நான். நான் பார்க்காத ஊரில், நான் பார்க்காத ஒருவர், படத்தில் இருந்த அதே சுற்றைச் சுற்றி வைத்திருக்கிறார். என் விரல் அங்கே அந்தப் பெட்டிக்குள் இருப்பது போல் இருந்தது. குழந்தை எங்கே படுக்கும் என்று கேட்க நினைத்தேன்.

"வெட்டிடவா?" என்றாள்.

"வெட்டிடுங்க. அந்த எடத்துல என்ன வெக்கணும்னு நான் சொல்றேன்."

"இரு, கத்தி எடுத்துட்டு வரேன். வெச்சிட மாட்டியே?"

"வைக்க மாட்டேங்க. இங்கயேதான் இருக்கேன்."